கை மரமும் ‘கைக்கு’ என்ற சொல்லும்

நீங்கள் கேட்டது ஒரு பட்டியல். கொண்டாப்பூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த டீச்சர் ஒருத்தி நம் குரூப்பில் கேட்டிருந்தாள். கிறிஸ்துமஸுக்குச் சின்ன வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஏதாவது செய்ய வேண்டும், சுலபமாக இருக்க வேண்டும், செலவு ஆகக் கூடாது, வகுப்பு அசிங்கமாகக் கூடாது, பத்து ஐடியா கொடுங்கள் மிஸ் என்று. உடனே மற்றவர்களும் எனக்கும் எனக்கும் என்று எழுதினீர்கள்.

என்னிடம் பத்து இல்லை. நாலுதான் இருக்கிறது. செகந்திராபாத் மெட்டுகுடாவில் ஒரே பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம், பெரும்பாலும் இரண்டாம் வகுப்பு. அந்த நாலை வைத்தே எல்லா டிசம்பரையும் ஓட்டினேன். வருஷா வருஷம் பிள்ளைகள் புதிது, அதனால் அவர்களுக்கு அலுக்கவில்லை. எனக்கு அலுத்தது. அலுத்தால் என்ன, சம்பளம் எனக்குத்தானே.

நாலையும் சொல்கிறேன். கூடவே நான் செய்த ஒரு தப்பையும் சொல்வேன். ஐடியாவைப் பொறுக்கிக்கொண்டு தப்பைத் தாண்டிப் போகிறவர்கள் இப்போதே போகலாம்.

அதற்கு முன்னால் ஒரு சண்டை. போன வருஷம் உங்களில் சிலர் போட்ட போட்டோக்களைப் பார்த்தேன். கத்தரித்த ஓரம் ஒரு இழை பிசகவில்லை. எல்லா சாண்டாவுக்கும் ஒரே அளவுத் தாடி. ஏழு வயதுப் பிள்ளை அப்படி வெட்டாது. நீங்கள் வீட்டில் உட்கார்ந்து வெட்டி ஒட்டி, காலையில் கொண்டுவந்து பிள்ளை கையில் கொடுத்துப் படம் எடுத்திருக்கிறீர்கள். அது உங்கள் கைவேலை. உங்களுக்கு யார் மார்க் போடப் போகிறார்கள்? தாடி கோணலாக இருக்கட்டும். கோணலாக இருந்தால்தான் தன் பிள்ளை செய்தது என்று தாய்க்குத் தெரியும்.

சரி. ஆயம்மாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் பள்ளியில் வகுப்புகளைக் கூட்டித் துடைத்து, சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் அவள்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது டிசம்பர். மோண்டா மார்க்கெட்டிலிருந்து ஜிகினாத் தூள் வாங்கிவந்தேன். சிவப்பு, பச்சை, வெள்ளி. பிள்ளைகள் அட்டையில் பசை தடவி மேலே தூவினார்கள். ஐந்து நிமிஷம் எல்லாம் அழகாக இருந்தது. பசை சீக்கிரம் காயட்டும் என்று ஒருத்தன் எழுந்து ஃபேனைப் போட்டான்.

தலையில், பையில், டிபன் பாக்ஸில், தண்ணீர் பாட்டிலில் எல்லாம் ஜிகினா. ஒரு பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு அலறினாள். நான் சேலை நுனியால் அவள் கண்ணைத் துடைக்கப் போனேன். படித்தவள் செய்த வேலை அது. வாசலில் நின்ற ஆயம்மா ஓடிவந்து என்னை ஒதுக்கித் தள்ளினாள். பிள்ளையைக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போய், தேய்க்காமல், தண்ணீரை ஊற்றி ஊற்றியே கண்ணைக் கழுவினாள். கண் தப்பியது.

மறுநாள், அதற்கும் மறுநாள், ஆயம்மா அந்த வகுப்பைக் கூட்டிக்கொண்டே இருந்தாள். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் விளக்குமாற்றைக் கீழே வைக்கவில்லை.

“உங்களுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு நாள் மேடம். எனக்கு சங்கராந்தி வரைக்கும்,” என்றாள் தெலுங்கில்.

அப்படியே ஆனது. சங்கராந்தி லீவு முடிந்து வந்தபோதும் தரை இடுக்கில் வெள்ளி மினுங்கியது.

வகுப்பு அசிங்கமாகக் கூடாது என்று கேட்டீர்களே, யார் கூட்டப் போகிறார்கள் என்று நினைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டீர்களா? அல்லது ஹெட்மிஸ்ட்ரஸ் ரவுண்ட்ஸ் வருவார் என்று கேட்டீர்களா? அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரே சட்டம். ஒரு மேஜையில் விழும் குப்பை ஒரு பிள்ளையின் இரண்டு கைக்குள் அடங்க வேண்டும். அடங்காது என்று தோன்றும் எதையும் செய்ய மாட்டேன். ஜிகினா அடங்காது. தெர்மாகோல் அடங்காது. பஞ்சு அடங்கும், ஆனால் மூக்குக்குள் போகும்.

இப்போது உங்கள் பட்டியல்.

கல்யாணப் பத்திரிகை நட்சத்திரம். இந்த ஊர்ப் பத்திரிகைகள் நல்ல கனமான அட்டை, தங்க நிறம் வேறு. வருஷம் முழுக்கச் சேர்த்து வையுங்கள், கேட்டால் பெற்றோர்களும் தருவார்கள். சாமி படம் அச்சடித்த பக்கத்தில் கத்தரிக்கோல் வைக்காதீர்கள், யார் மனசாவது நோகும். இரண்டு முக்கோணம், ஒன்றின்மேல் ஒன்று தலைகீழாக ஒட்டினால் நட்சத்திரம். ஓட்டை போட்டு நூல் கோத்தால் முடிந்தது. ஒரு வருஷம் ஒரு பையன் கொண்டுபோன நட்சத்திரத்தின் பின்பக்கம் மாப்பிள்ளை பெயரும் முகூர்த்த நேரமும் முழுசாக இருந்தன. அவன் அம்மா மறுநாள் வந்து, கல்யாணம் முடிந்துவிட்டதா, இல்லை நாங்கள் மொய் எழுத வேண்டுமா என்று கேட்டாள்.

டீ கப் மணி. ஸ்டாஃப் ரூமில் குடித்துவிட்டுப் போடும் பேப்பர் கப்பைக் கழுவிக் காய வையுங்கள். கவிழ்த்து, அடியில் ஓட்டை போட்டு, நூல் விட்டு, நுனியில் பழைய சட்டைப் பொத்தான். சத்தம் வராது. வராதது நல்லது. முப்பது பிள்ளை, முப்பது மணி, யோசித்துப் பாருங்கள்.

காகிதச் சங்கிலி. பழைய வாரப் பத்திரிகையின் வண்ணப் பக்கத்தை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து வளையம் வளையமாகக் கோத்து ஒட்டுவது. பசை பாட்டிலைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். மேஜைக்கு ஒரு பாட்டில் மூடி, அதில் கொஞ்சம் பசை, தொட்டு வைக்க மருந்து உரித்த தீக்குச்சி. அவ்வளவுதான். பசை வேண்டிய எல்லா வேலைக்கும் இதே மூடி, இதே குச்சி.

நாலாவது கை மரம். பிள்ளை தன் கையைத் தாளில் விரித்து வைக்கும், பக்கத்துப் பிள்ளை பென்சிலால் சுற்றி வரையும், பிறகு வெட்ட வேண்டும். பச்சைத் தாள் இல்லாவிட்டால் பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தைப் பச்சை க்ரேயானால் தேய்க்கலாம். வெட்டிய கைகளை சார்ட்டில் விரல் கீழே பார்க்க, வரிசைக்கு வரிசை குறைத்துக்கொண்டே மேலே போய் ஒட்டினால் கிறிஸ்துமஸ் மரம் வந்துவிடும். கையைப் பெயிண்டில் முக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். அந்தக் கை அடுத்ததாக எங்கே போகும் என்று வீடியோ சொல்வதில்லை.

பட்டியல் முடிந்தது. இனிமேல் தப்பு.

பத்து வருஷம் இருக்கும். செப்டம்பரில் யாழினி என்று ஒரு பெண் என் வகுப்பில் வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி, பள்ளிக்குப் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. தமிழ்ப் பிள்ளை, நான் தமிழ்க்கார டீச்சர், அதனால் கவலை இல்லை என்று ஹெட்மிஸ்ட்ரஸ் என்னிடம் விட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் தமிழ் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். என் தாத்தா காலத்தில் செகந்திராபாத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. நான் தமிழ் எழுதப் படித்தது சர்ச்சில், ஓய்வுநாள் பள்ளியில். அதனால் எழுத்து ஒழுங்காக இருக்கும். வாயைத் திறந்தால் தக்கனி, இந்த ஊர் உருது, கலந்துவிடும். ஆமாம் என்பதற்கு ஹவ். வேண்டாம் என்பதற்கு நக்கோ. ஏன் என்பதற்குக் கைக்கு. கைக்கு லேட்டு, கைக்கு அழுவுற, கைக்கு சாப்பிடல. எங்கள் வீட்டில் எல்லோரும் இப்படித்தான் பேசுவோம். அது வேறு பாஷை என்றே எங்களுக்குத் தோன்றாது.

யாழினி பேசவில்லை. முதல் வாரம் பேசவில்லை, புது இடம் என்று விட்டேன். முதல் மாதமும் பேசவில்லை. பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள். கேள்வி கேட்டால் நிற்பாள். கைக்கு பேச மாட்டேங்கற என்று கேட்டால் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு நிற்பாள். இரண்டாவது தடவை கேட்டால் இன்னும் உள்ளே செருகுவாள். தூரத்தில் நான் இருக்கும்போது நோட்டில் ஏதோ எழுதுவாள். பக்கத்தில் போனால் பென்சிலை வைத்துவிட்டுக் கையை ஒளிப்பாள். பரீட்சையிலும் அப்படியே. நான் நடந்துகொண்டே இருக்கிறவள், அதனால் அவள் தாளில் பாதி வெள்ளையாகவே வந்தது.

நான் பிள்ளைகளைக் கையால் அடித்தவள் இல்லை. வாயால் நிறைய அடித்திருக்கிறேன். இவளை நவம்பர் முழுக்க வாயால் அடித்தேன். நம் ஊர்ப் பிள்ளை இப்படித் திமிராக நிற்கிறதே, மற்ற டீச்சர்கள் பார்க்கிறார்களே என்ற கோபம் எனக்கு. பிள்ளைமேல் அக்கறை என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் இரண்டாவது வாரம் ஹெட்மிஸ்ட்ரஸுக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். வாய் திறப்பதில்லை, பிடிவாதம், இரண்டாம் வகுப்புக்கான எழுத்தும் இல்லை, முதல் வகுப்புக்கு இறக்கிவிடலாம். கீழே கையெழுத்து. அவர் படித்துவிட்டு, முதல் வகுப்பில் இடமில்லை, அப்பாவைக் கூப்பிட்டு வேறு பள்ளி பார்க்கச் சொல்லிவிடலாம் என்றார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவரை வரச் சொன்னார்கள். அடுத்த வாரம் பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா, அதோடு லீவு. லீவுக்குப் பிறகு யாழினி வரமாட்டாள். எனக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் கை மரம் வைத்திருந்தேன்.

பிள்ளைகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள். யாழினிக்கு ஜோடி ரெஹானா. ரெஹானா தாளையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு ஹாத் ரக், ஹாத் ரக் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். யாழினி கையை அக்குளிலிருந்து எடுக்கவில்லை. நான் போனேன். மதியம் அப்பா வரப்போகிறார், இவள் கடைசி நாட்களிலும் இப்படி நிற்கிறாளே என்று எரிச்சல். “கைக்கு?” என்று கத்தினேன். “கைக்கு, யாழினி? கைக்கு?”

அவள் எழுந்தாள். வலது கையை வெளியே எடுத்து உள்ளங்கை மேலே தெரிய நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“கைக்கு வேண்டாம் மிஸ். கால்ல அடிங்க.”

மூன்று மாதத்தில் என் வகுப்பில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். தமிழ் தெரியாத பிள்ளைகளுக்கும் நீட்டிய கை புரிந்தது. கண்ணைத் திறக்காமலே இன்னொன்றும் சொன்னாள்.

“கைல அடிச்சா எழுத வராது.”

நீங்கள் இந்த இடத்தில் நிற்பீர்கள் ஒரு நாள். வேறு பிள்ளை, வேறு காரணம், ஆனால் நிற்பீர்கள். எல்லோரும் உங்களையே பார்ப்பார்கள். என்ன செய்ய வேண்டும் என்று எந்த ட்ரெயினிங்கிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்தக் கையைப் பிடித்தால் அடிக்கப் பிடிக்கிறேன் என்று நினைப்பாள். அடிக்க மாட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டாள், அடிக்கிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். கட்டிப்பிடிக்கவும் கூடாது. மூன்று மாதமாகக் கத்தியவள் திடீரென்று கட்டிப்பிடித்தால் பிள்ளை இன்னும்தான் பயப்படும்.

ரெஹானா கையில் இருந்த பென்சிலை வாங்கி, அந்த உள்ளங்கையில் வைத்தேன். பிறகு அவள் மேஜைக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, என் கையை அந்தத் தாளில் விரித்து வைத்தேன்.

“நீ வைக்க வேணாம். இது என் கை. நீ வரை.”

கண்ணைத் திறந்து பார்த்தாள். பென்சிலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் கழித்து என் சுண்டுவிரல் பக்கம் பென்சிலை வைத்தாள். ஒவ்வொரு விரல் இடுக்கிலும் நின்று நின்று போனாள். கூசியது. நான் நெளிந்தேன். ரெஹானா வாயைப் பொத்திக்கொண்டு, மிஸ்ஸுக்கு குத்குதி, மிஸ்ஸுக்கு குத்குதி என்று பின் பெஞ்சுக்குச் சொன்னாள். கிச்சுகிச்சு என்பதற்கு ஹிந்தியில் அதுதான். பின் பெஞ்ச் சிரித்தது. யாழினியின் வாய் ஓரம் லேசாக இழுத்துக்கொண்டது.

பிறகு நான் எழுந்து விலகினேன். பிள்ளைகளே அவள் மேஜைக்கு முன்னால் வரிசை கட்டினார்கள். மிஸ் கையை வரைந்தவளிடம்தான் வரைந்துகொள்வோம் என்று. தெலுங்கில் சண்டை, ஹிந்தியில் சண்டை, யார் முதல், யார் தள்ளியது. ஒவ்வொரு கையாக அவள் வரைந்து தள்ளினாள். நான் அடுத்த பீரியடையும் அதற்கே விட்டேன். கணக்கு திங்கட்கிழமை வரட்டும் என்று.

வரைந்த தாள்கள் கலந்துவிடுமே, பெயர் எழுதி வைப்போம் என்று எடுத்தேன். எல்லாவற்றிலும் பெயர் இருந்தது. யாழினியின் எழுத்து. முப்பத்து மூன்று பிள்ளைகளின் பெயரும், ஆங்கிலத்தில், ஒரு எழுத்துத் தப்பில்லை. எங்கள் வகுப்பில் வெங்கட நாக லட்சுமி பிரசன்னா என்று ஒருத்தி இருந்தாள். அவள் பெயரை அவளே ஒழுங்காக எழுத மாட்டாள். அதுவும் சரியாக இருந்தது. தினமும் நான் அட்டெண்டன்ஸ் எடுப்பதைக் கேட்டு, கதவில் ஒட்டிய பட்டியலைப் பார்த்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் பெண் எல்லோரையும் தெரிந்து வைத்திருந்தாள். என் கையில் மட்டும் தமிழில் எழுதியிருந்தாள். மிஸ்.

இரண்டாம் வகுப்புக்கான எழுத்து இல்லை என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

மூன்று மணிக்கு அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமுக்குப் போனேன். போகும்போது மனதுக்குள் பேச்சுத் தயாராக இருந்தது. பழைய பள்ளியில் இந்தப் பிள்ளையைக் கையில் அடித்திருக்கிறார்கள், அந்த பயம்தான் இவ்வளவும், எல்லாம் அவர்கள் தப்பு. அவர்களைத் திட்ட எனக்கு வார்த்தை நிறைய இருந்தது.

அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் என் ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் படித்தார், நான் தமிழில் சொன்னேன். நான் எழுதிய வார்த்தைகளை நானே அந்த மனுஷன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் குழம்பிப் போனார். வீட்டில் பாப்பா வாய் ஓயாமல் பேசும் என்றார். பழைய பள்ளியில் கையில் அடிப்பார்களா என்று கேட்டேன். ஆமாம், ஸ்கேலால் அடிப்பார்கள், அதைப் போய்ச் சண்டை போட்டோம் என்றார். நான் ஹெட்மிஸ்ட்ரஸ் பக்கம் திரும்பி ஆரம்பிக்கப் போனேன். அதற்குள் அப்பாவே தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

“தப்பா நினைக்காதீங்க மிஸ். எங்க மிஸ் எந்நேரமும் கைக்கு, கைக்குன்னு கேக்குறாங்கன்னு பாப்பா சொல்லும். கைக்கு என்னன்னுதான் எங்களுக்கும் புரியல.”

கையில் இருந்த தாள்களை மேஜையில் பரப்பி வைத்தேன்.

கைக்கு. கையைத் தா, கைக்கு அடி. விருதுநகரிலிருந்து வந்த பிள்ளைக்கு அந்தச் சொல்லில் வேறு என்ன கேட்கும்? ஒரு நாளைக்குப் பத்து தடவை, மூன்று மாதம், அவள் கையைக் கேட்டு மிரட்டியிருக்கிறேன். பேசு என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு. தெலுங்கு டீச்சர் ஒருத்தியிடம் போயிருந்தால்கூட அவளுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. தமிழ் டீச்சரிடம் வந்ததால் வந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பழைய பள்ளியின் மேல் போட்டிருக்கலாம், பாதி உண்மையும்கூட. அதற்கு எனக்கு ஒரு நொடி ஆசை வந்தது. வந்ததை மறைக்கவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸ் தெலுங்குக்காரர், பிறந்து வளர்ந்தது இந்த ஊர். கைக்கு என்றால் அவருக்கு ஏன் என்றுதான் தெரியும். தமிழில் கை என்றால் என்ன, கைக்கு என்றால் என்ன என்று விளக்கினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“மூணு மாசமாவா?”

“ஹவ்,” என்றேன்.

அவர் சிரித்தாரா கோபப்பட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மேஜையில் பரப்பிய தாள்களைப் புரட்டினார். வெங்கட நாக லட்சுமி பிரசன்னாவில் கொஞ்ச நேரம் நின்றார். கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை மாற்ற முடியாது, ஃபைலில் போய்விட்டது என்றார். மாற்ற வேண்டாம், கீழே எழுதுகிறேன் என்று வாங்கி, மேலே உள்ளது தவறு, தவறு ஆசிரியருடையது என்று எழுதி இன்னொரு கையெழுத்துப் போட்டேன். ஆண்டுப் பரீட்சை வரை பிள்ளை இங்கே இருக்கட்டும் என்றார். தேறாவிட்டால் அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள் என்றார். ஒத்துக்கொண்டேன். அப்பாவிடம் தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன், கைக்கு உள்பட. அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்க வேண்டும். அவர் வேறு பள்ளி தேட வேண்டாமே என்ற சந்தோஷத்தில் எழுந்து நின்றார்.

வெளியே படியில் யாழினியும் ஆயம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஜிகினா வருஷத்து ஆயம்மாதான், அப்போது தலை முழுக்க நரைத்திருந்தது. அவள் கை ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையின் மேல் விரிந்திருந்தது. யாழினி வரைந்துகொண்டிருந்தாள். வரைகிறவள் வரைந்துகொண்டே போகிறாள், நாளைக்குக் கூட்டுகிறவள் நான்தானே என்று ஆயம்மா தெலுங்கில் முணுமுணுத்தாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

நான் படியில் உட்கார்ந்து யாழினியிடம் சொன்னேன். இந்த ஊரில் கைக்கு என்றால் ஏன் என்று அர்த்தம், உன் கையை நான் கேட்கவில்லை, தப்பு என்னுடையது என்று. அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

“அப்போ கைக்கு இங்க என்ன சொல்வாங்க?”

“ஹாத்.”

“ஓ,” என்றாள். அதைத்தான் ரெஹானா காலையில் கேட்டாள் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

விழாவன்று மரம் சுவரில் நின்றது. உச்சியில் நட்சத்திரம் வைக்கப் போனேன். பிள்ளைகள் விடவில்லை, மிஸ் கைதான் மேலே என்றார்கள். அடியில் தண்டு இருக்கும் இடத்தில் ஆயம்மாவின் கை, தங்க நிறப் பத்திரிகை அட்டையில். யாழினி தன் இடது கையை வலது கையால் தானே வரைந்து, தானே வெட்டி, ரெஹானாவின் கைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். கோணல்தான். கட்டை விரல் பாதி வெட்டுப்பட்டிருந்தது. நான் தொடவில்லை.

உங்களில் பலர் வேறு வேறு ஊரிலிருந்து வந்தவர்கள். உங்கள் வகுப்பில் நாலைந்து பாஷை இருக்கும். பிள்ளைக்கு பாஷை தெரியவில்லை என்று எழுதுவதற்கு முன்னால், உங்கள் வாயிலிருந்து அடிக்கடி வரும் சொல் எது என்று ஒரு நாள் கவனியுங்கள். அந்தச் சொல் அந்தப் பிள்ளையின் காதில் என்னவாக விழுகிறது என்று அதன் வீட்டில் கேளுங்கள். கேட்க எனக்கு மூன்று மாதம் ஆனது, அதுவும் நான் கேட்கவில்லை, அந்த அப்பா சொன்னார். கைவேலை வைப்பதே இதற்குத்தான். அந்த நாற்பது நிமிஷம் நீங்கள் பேசுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். பார்க்காமல் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் உங்கள் இஷ்டம்.

யாழினி தேறினாள். முதல் ரேங்க் எல்லாம் இல்லை, நடுவில். ஆனால் ஜனவரியிலிருந்து அவள் வாயை மூட முடியவில்லை. ரெஹானாவிடமிருந்து ஹிந்தி, பிரசன்னாவிடமிருந்து தெலுங்கு, மூன்றையும் போட்டுக் கலக்கினாள். மார்ச் கடைசியில் ரிசல்ட் சொன்ன நாள், பாஸ் ஆனவர்களை மூன்றாம் வகுப்பு ரூமுக்குப் போகச் சொன்னேன். எல்லோரும் ஓடினார்கள். இவள் மட்டும் என் மேஜைக்கு முன்னால் நின்றாள். போ, மூன்றாம் வகுப்புக்குப் போ, இனிமேல் இங்கே நிற்கக் கூடாது என்றேன்.

“கைக்கு மிஸ்?” என்று கேட்டாள்.

இரண்டு கையும் இடுப்பில் இருந்தன.